தெள்ளுப்பூச்சி மனிதன் அளவில் இருந்தால் எவ்வளவு உயரம் தாவும்?

கேள்வி: தெள்ளுப்பூச்சி தன் உடல் நீளத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு உயரம் தாவுகிறதாம். அது மனிதன் அளவுக்கு வளர்ந்தால் ஐம்பது மாடிக் கட்டடத்தையும் தாண்டிவிடும் என்கிறார்கள். இது சரியா? இத்தனை சின்ன உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது?

பதில்:

தாண்டாது. தசையின் தரம் மாறாமல் தெள்ளு நம் அளவுக்கு வளர்ந்தால், இப்போது தாவும் அதே 15, 20 சென்டிமீட்டரைத்தான் தாவும். நின்ற இடத்திலிருந்து எம்பும் ஒரு சாதாரண மனிதர் தன் ஈர்ப்பு மையத்தை 40, 45 செ.மீ. உயர்த்திவிடுகிறார். அளவுநாடாவை வைத்துப் பார்த்தால் தெள்ளைவிட நாம்தான் அதிகம் தாவுகிறோம். 'உடல் நீளத்தைப்போல் இத்தனை மடங்கு' என்ற கணக்கு வினாடி வினாவுக்கு வேண்டுமானால் உதவும். தாவலின் இயற்பியலைப் புரிந்துகொள்ள உதவாது, குழப்பத்தான் செய்யும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நாய், பூனை வளர்ப்பவர்கள் பலர் உண்ணியையும் தெள்ளையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். உண்ணிக்கு எட்டுக் கால். அது சிலந்தியின் உறவு, தாவவே தாவாது. தெள்ளுக்கு ஆறு கால், இறக்கை கிடையாது, உடல் இரு பக்கமும் அமுங்கி முடிகளுக்கிடையே நழுவிப் போகும்படி இருக்கும். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

தாவலை இப்படிப் பாருங்கள். கால் தரையை விட்டு எழும் கணத்தில் உடலுக்கு ஒரு வேகம் இருக்கும். அதற்குப் பிறகு உந்துவதற்கு ஒன்றுமில்லை. கையிருப்பில் உள்ள இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறித் தீர்ந்ததும் உடல் கீழே வரத் தொடங்கும். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், எட்டும் உயரம் என்பது கிளம்பும் வேகத்தின் வர்க்கத்தை 19.6ஆல் (புவியீர்ப்பு முடுக்கமான 9.8இன் இரு மடங்கால்) வகுத்தால் வருவது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிளம்பும் மனிதருக்கு 46 செ.மீ. வருகிறது. நொடிக்கு 1.9 மீட்டரில் கிளம்பும் தெள்ளுக்கு 18 செ.மீ.

அந்த ஆற்றல் தசையிலிருந்து வருகிறது. ஒரு கிலோ தசை ஒரே ஒரு முறை சுருங்கி எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பது, எறும்புத் தசையானாலும் யானைத் தசையானாலும், பெரிதாக மாறுவதில்லை. எல்லாவற்றிலும் இழுப்பவை ஆக்டின், மையோசின் என்ற அதே புரத இழைகள்தாம். ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் அதன் தசை எட்டு மடங்காகும், கிடைக்கும் ஆற்றலும் எட்டு மடங்காகும். தூக்க வேண்டிய எடையும் அதே எட்டு மடங்குதான். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. உயரம் மாறாமல் நிற்கிறது. பெரியதும் சிறியதும் ஏறத்தாழ ஒரே உயரம்தான் தாவ வேண்டும் என்ற இந்த வாதத்தை இத்தாலியரான ஜியோவான்னி போரெல்லி பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அது 1680-81இல் அச்சேறியது.

'அப்படியானால் பூச்சியின் தாவலில் வியக்க எதுவுமில்லையா' என்றால், நிறைய இருக்கிறது. ஆனால் அது உயரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

கால் தரையில் ஊன்றியிருக்கும் வரைதான் உடலை உந்த முடியும். உந்தக் கிடைக்கும் தூரம், மடங்கிய கால் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுதான். முடுக்கம் சீராக இருப்பதாக வைத்துக்கொண்டால், உந்தலுக்குக் கிடைக்கும் நேரம் = 2 × உந்தும் தூரம் ÷ கிளம்பும் வேகம். பூச்சித் தாவலைப் பற்றி இந்த ஒரு வரி சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்லாது. மனிதருக்கு உந்தும் தூரம் சுமார் 40 செ.மீ., வேகம் 3 மீட்டர், நேரம் 0.27 நொடி. முழு வளர்ச்சி பெற்ற பாலைவன வெட்டுக்கிளிக்கு அதே 3 மீட்டர் வேகம், ஆனால் தூரம் 4 செ.மீ.தான், நேரம் 27 மில்லி நொடி. தெள்ளுக்குத் தூரம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், நேரம் 1.2 மில்லி நொடி.

நுரைப்பூச்சி என்றொரு தத்தும் பூச்சி உண்டு. செடித் தண்டில் யாரோ எச்சில் துப்பிவிட்டுப் போனதுபோல் ஒரு நுரைக் குமிழ் தெரியுமே, அதற்குள் இருப்பது அதன் குஞ்சு. ஐரோப்பாவில் சாதாரணமாகக் காணப்படும் ஓர் இனத்தின் முதிர்ந்த பூச்சியைக் கேம்பிரிட்ஜில் மால்கம் பரோஸ் படமெடுத்தார். எடை 12 மில்லிகிராம், நீளம் 6 மி.மீ. அளவு. அதன் மிகச் சிறந்த தாவலில் கிளம்பும் வேகம் நொடிக்கு 4.7 மீட்டர். உந்தும் தூரம் 2 மி.மீ. சூத்திரத்தில் போட்டால் 0.85 மில்லி நொடி வருகிறது. அவர் அளந்தது 0.875. முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 550 மடங்கு.

இந்த நேரத்துக்குள் தசையால் எதுவும் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். நரம்புத் துடிப்பு வந்து சேர்ந்தபின் தசை முழு விசையை எட்டவே பல மில்லி நொடிகள் பிடிக்கும். அது போக, தசை வேகமாகச் சுருங்கச் சுருங்க அதன் விசை குறைந்துகொண்டே போகும். விசை அதிகம் வேண்டுமானால் மெல்லத்தான் சுருங்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து, ஒரு கிலோ தசை தரும் உச்சத் திறனைச் சுமார் 500 வாட்டுக்குள் அடக்கிவிடுகின்றன. நுரைப்பூச்சியின் கணக்கைப் போடுங்கள்: 12.3 மில்லிகிராம் உடல் 4.7 மீட்டர் வேகத்தில் சுமக்கும் ஆற்றல் 136 மைக்ரோ ஜூல். அது 0.875 மில்லி நொடியில் செலவாகிறது என்றால் திறன் 0.155 வாட். தாவலுக்கான தசை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 1.35 மில்லிகிராம். கிலோவுக்கு மாற்றினால் ஒரு லட்சம் வாட்டைத் தாண்டுகிறது. தசையின் உச்சவரம்பைப்போல் இருநூறு மடங்கு! ஆனால் அதே தாவலுக்குத் தேவையான ஆற்றலைக் கிலோ கணக்கில் பார்த்தால் 100 ஜூல். தசையால் தாராளமாகத் தர முடிந்த அளவு. ஆக, ஆற்றல் போதும், அவகாசம்தான் போதாது.

கையால் எறியும் கல்லைவிட உண்டிவில்லில் வைத்து விடும் கல் வேகமாகப் போவது எதனாலோ, அதே வழியைத்தான் பூச்சியும் பிடித்திருக்கிறது. கை மெதுவாக, முழு விசையோடு ரப்பரை இழுக்கிறது. ரப்பர் அந்த ஆற்றலை ஒரு நொடிப்பொழுதில் கல்லுக்குக் கொடுக்கிறது. இதற்கு மூன்று உறுப்புகள் வேண்டும்: மெதுவாக இழுக்கும் தசை, வளைந்து ஆற்றலை வைத்திருக்கும் வில், இழுப்பு முடியும் வரை அவிழாமல் பிடிக்கும் பூட்டு. தாவும் பூச்சிகளுக்குள் உள்ள வேறுபாடெல்லாம் இந்த வில் எங்கே இருக்கிறது, பூட்டு எப்படி விடுகிறது என்பதில்தான்.

கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ள வெட்டுக்கிளியைவிட நல்ல மாதிரி இல்லை. பெரிய வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்துப் பின்கால் முழங்காலைப் பக்கவாட்டில் பாருங்கள். தொடை வந்து முடியும் இடத்தில், மூட்டின் இரு பக்கமும் பிறை வடிவில் தடித்த, கருத்த ஒரு பட்டை இருக்கும். அதுதான் வில். கடினமான புறத்தோல், தொட்டால் வளையும் என்றே தோன்றாது. தொடையின் சதைப்பற்று ஏறக்குறைய முழுவதும் காலை நீட்டும் தசை. மடக்கும் தசை அதனோடு ஒப்பிட்டால் மெலிந்தது.

தாவப் போகும் வெட்டுக்கிளி முதலில் முன்காலையும் நடுக்காலையும் சரிசெய்து உடலைத் தேவையான கோணத்துக்குத் தூக்கும். பின்காலின் கணுக்காலை (பூச்சியில் முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட பகுதியை) தொடையோடு ஒட்டும்படி முழுவதும் மடக்கும். பிறகு நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் சுருங்கும். வெட்டுக்கிளி நடந்து போகும்போது ஒரே மூட்டின் எதிரெதிர்த் தசைகள் இப்படிச் சேர்ந்து இழுப்பதில்லை; இது தாவலுக்கும் உதைக்கும் மட்டுமே உரிய ஏற்பாடு. 300 முதல் 600 மில்லி நொடி வரை இந்த நிலை நீடிக்கும். வெளியே எந்த அசைவும் தெரியாது. உள்ளே ஒவ்வொரு காலிலும் நீட்டும் தசையின் விசை 15 நியூட்டன் வரை ஏறுகிறது. ஒன்றரைக் கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை அது. வெட்டுக்கிளியின் எடையோ 2 கிராம். அந்த இழுப்பில் பிறைப்பட்டை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளைகிறது, தசைநாணும் நீள்கிறது. ஆற்றலில் பாதியளவு பிறையில், மீதி பெரும்பாலும் நாணில்.

மெலிந்த மடக்கு தசை இத்தனை பெரிய விசையை எப்படித் தடுத்து நிறுத்துகிறது என்பது நியாயமான சந்தேகம். முழங்கால் முற்றிலும் மடங்கிய நிலையில் நீட்டும் தசையின் நெம்புகோல் தூரம் மிகமிகக் குறைந்துபோகிறது, மடக்கும் தசைக்கு அது கூடுகிறது. இருபது மடங்கு அனுகூலம். போதாக்குறைக்குத் தொடையின் உட்புறம் ஒரு சிறு மேடு இருக்கிறது, மடக்கு தசையின் நாண் அதில் மாட்டிக்கொள்கிறது. இதை 1974இல் ஹைட்லர் விவரித்தார். மடக்கு தசை தளர்ந்ததும் நாண் மேட்டிலிருந்து நழுவும், வில் விடும். கால் விரிய விரிய நீட்டும் பக்கத்தின் நெம்புகோல் தூரம் கூடிக்கொண்டே போவதால், வில் தளர்ந்து விசை குறைந்தாலும் தரையில் படும் உந்தல் ஓரளவு சீராகவே இருக்கிறது. இந்த அமைப்பில் என்னை மிகவும் கவர்வது இந்தக் கடைசி நுணுக்கம்தான்.

தெள்ளின் வில் காலில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது. மூன்றாம் மார்புக் கண்டத்தின் பக்கச்சுவரில், பின்கால் பொருந்தும் இடத்துக்கு மேலே, ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தாலான ஒரு திண்டு. தெள்ளு பின்கால் தொடைகளை மேல்நோக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளே பெரிய தசையால் இந்தத் திண்டையும் சுற்றியுள்ள சுவரையும் அமுக்குகிறது. அந்த நிலையில் பெரிய தசையின் நாண் மூட்டின் அச்சு வழியாகவே போவதால் எவ்வளவு இழுத்தாலும் கால் சுழலாது. வேறொரு சிறு தசை நாணைப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினால் போதும், அச்சைத் தாண்டிய மறுகணம் கால் அடிக்கும். இந்த விளக்கத்தின் அடிப்படை 1967இல் பென்னட்-கிளார்க்கும் லூசியும் வெளியிட்ட ஆய்வு.

எந்த இடத்தால் தரையை உதைக்கிறது என்பதில் மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடந்தது. தொடைக்கு மேலுள்ள கணுவால் நேரடியாக உதைக்கிறது என்றார் மிரியம் ராத்ஸ்சைல்டு. கணுக்கால், பாதம் வழியாக நெம்பித் தள்ளுகிறது என்றார் பென்னட்-கிளார்க். நொடிக்கு 5,000 படம் எடுக்கும் கேமராவோடு சட்டனும் பரோஸும் 2011இல் இதை முடித்து வைத்தார்கள். தெள்ளு இருட்டில் அசையாமல் இருக்கும் என்பதைப் பயன்படுத்தி, மங்கலான ஒளியில் கேமராவைக் குவியப்படுத்தினார்கள். சில தாவல்களில் மேற்கணு தரையைத் தொடவே இல்லை; ஆனாலும் கிளம்பும் வேகம் குறையவில்லை. பாதத்திலும் கணுக்காலிலும் பிடிமானத்துக்கான நகங்களும் முட்களும் உண்டு, மேற்கணுவில் அப்படி எதுவும் இல்லை. பென்னட்-கிளார்க் சொன்னதே சரி.

ரெசிலினைப் பற்றி ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். வெட்டுக்கிளியின் இறக்கை மூட்டில் வைஸ்-ஃபோ இதை இனம் கண்டு 1960இல் எழுதினார். கொடுத்த ஆற்றலில் 97 விழுக்காட்டைத் திருப்பித் தரும் அருமையான பொருள். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதால் உடம்பில் எங்கே இருக்கிறது என்று எளிதில் காணலாம். இதனால் 'பூச்சி ரெசிலின் ரப்பரால் தாவுகிறது' என்ற வாக்கியம் எல்லாப் பாடங்களிலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ரெசிலின் மென்மையானது. குறைந்த இடத்தில் நிறைய ஆற்றலைச் சேர்க்க விறைப்பான பொருள்தான் வேண்டும். நுரைப்பூச்சியின் மார்பில் வில்லாக வளையும் பகுதியைப் பரோஸ், ஷா, சட்டன் மூவரும் 2008இல் கணக்கிட்டபோது, அதிலுள்ள ரெசிலினால் தேவையான ஆற்றலில் ஒன்றிரண்டு விழுக்காடுதான் சேமிக்க முடியும் என்று தெரிந்தது. பெரும்பங்கைச் சுமப்பது அதனோடு ஒட்டியிருக்கும் கடினப் புறத்தோல். அந்தப் புறத்தோல் திரும்பத் திரும்ப வளையும்போது விரிசல் விடாமலும், விட்டதும் பழைய வடிவத்துக்கே வரும்படியும் காப்பது ரெசிலின். இரண்டு பொருளும் சேர்ந்த கூட்டு வில் என்று சொல்வதே பொருத்தம்.

இனி, இரண்டு கால்களையும் ஒரே கணத்தில் விடும் சிக்கலுக்கு வருவோம். வெட்டுக்கிளியின் பின்கால்கள் உடலின் இரு பக்கமும் தனித்தனித் தளத்தில் இயங்குகின்றன. சற்று முன்பின்னானாலும் சமாளித்துவிடும். செடிச் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி வகைகளின் (நுரைப்பூச்சியும் இவற்றில் ஒன்று) பின்கால்கள் வயிற்றுக்கு அடியில், ஒரே தளத்தில், ஒன்றையொன்று உரசும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு கால் முந்தினால் உந்துவிசை ஒரு பக்கமாகப் போய், பூச்சி பம்பரமாகச் சுற்றும். முன்னேறப் போக வேண்டிய ஆற்றல் சுழற்சியில் வீணாகும். மொத்தத் தாவலும் ஒன்றிரண்டு மில்லி நொடியில் முடிகிற நிலையில், நரம்புத் துடிப்பு ஒன்றின் நீளமே ஒரு மில்லி நொடி. நரம்பை நம்பி இரு கால்களையும் ஒத்திசைக்க முடியாது.

ஐரோப்பியத் தோட்டங்களில் உள்ள இஸ்ஸஸ் என்ற தத்துப்பூச்சியின் குஞ்சு இதைப் பல்சக்கரத்தால் தீர்த்திருக்கிறது. நம் நெல்வயலின் புகையான் எந்தப் பெரும் பிரிவைச் சேர்ந்ததோ, இஸ்ஸஸும் அதே பிரிவு. பின்கால்கள் உடலோடு சேரும் கணுக்களில், எதிரெதிரே, சுமார் 0.4 மி.மீ. நீளத்துக்கு ஒரு வளைந்த பட்டை. அதில் 10 முதல் 12 பற்கள். தாவலுக்குக் காலை மடக்கும்போதே ஒரு பக்கப் பல் மறுபக்கப் பல்லோடு கோத்துக்கொள்ளும். ஒரு கால் நகர்ந்தால் மற்றது நகர்ந்தே ஆக வேண்டும். இரு கால்களுக்கும் உள்ள வித்தியாசம் 30 மைக்ரோ நொடிக்குள் அடங்கிவிடுகிறது. இறந்த குஞ்சின் ஒரு காலை நீட்டும் தசையை மட்டும் இயக்கியபோது, நரம்பின் உதவியில்லாமலே மறுகாலும் கூடவே சுழன்றது. பரோஸும் சட்டனும் 2013இல் வெளியிட்ட இந்தப் படங்களில் பற்களின் அடிப்பகுதி வளைவாகத் தடித்திருப்பதைக் காணலாம். ஆலைப் பல்சக்கரங்களிலும் பல் முறியாமல் இருக்க அப்படித்தான் கடைகிறார்கள். கடைசித் தோலுரிப்போடு இந்தப் பற்கள் மறைந்துவிடுகின்றன. முதிர்ந்த பூச்சி இனித் தோலுரிக்காது, ஒரு பல் உடைந்தால் மாற்ற வழியில்லை என்பது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். முதிர்ந்த பூச்சியில் கணுக்கள் ஒன்றோடொன்று அழுந்தும் உராய்வே ஒத்திசைவுக்குப் போதுமானதாக இருக்கிறது. உண்மையில் அது குஞ்சைவிட நன்றாகத் தாவுகிறது.

எல்லாப் பூச்சிக்கும் வில் கட்டாயமில்லை. உணர்கொம்பு உடலைவிட நீண்டிருக்கும் பச்சை நிற இலைவெட்டுக்கிளிகளின் பின்கால்கள் மிக நீளம். உந்தும் தூரம் கூடினால் நேரமும் கூடும் என்று மேலே பார்த்தோம். அவை பெரும்பாலும் தசையின் நேரடி இழுப்பிலேயே கிளம்பிவிடுகின்றன. நெல்லில் துங்ரோ நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சியின் குடும்பத்தில் பின்கால் நீளமானவை அதிகம். அவற்றுக்கு வில் உண்டு, ஆனால் உந்தல் நேரம் நுரைப்பூச்சியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். தரையில் படும் விசை அதற்கேற்பக் குறைவு. மெல்லிய இலையின் மேலிருந்து தாவும் பூச்சிக்கு இது லாபம், இலையை வளைப்பதில் ஆற்றல் வீணாவதில்லை. இன்னொரு கோடியில், மல்லாந்து விழுந்தால் 'டக்' என்ற ஓசையோடு துள்ளி எழும் வண்டு. அது காலையே பயன்படுத்துவதில்லை. முதல் மார்புக் கண்டத்தின் அடியிலுள்ள முளை, அடுத்த கண்டத்தின் குழி விளிம்பில் தடைபட்டு நிற்கும். தசை இழுத்துக்கொண்டே இருக்கும். முளை வழுக்கிக் குழிக்குள் விழும் கணத்தில் உடல் சொடுக்குப்போட்டு 30 செ.மீ. வரை எகிறும். இவான்ஸ் 1970களின் தொடக்கத்தில் அளந்தபோது உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 380 மடங்கு இருந்தது.

தாவல் எங்கே பிசகும்? முதல் இடம் பாதம். வழுவழுப்பான பரப்பில் கால் வழுக்கினால் வில்லின் ஆற்றல் முழுவதும் காலை மட்டும் வீசியடிக்கும். நுரைப்பூச்சியின் பின்கால் நுனியில் கூர்முட்கள் உண்டு. தாவும்போது அவை இலைத்தோலைக் குத்தி ஊன்றுகின்றன. கண்ணாடி மேல் வைத்தால் குத்த முடியாமல் வழுக்கும் என்பதை 2019இல் காட்டினார்கள். பச்சைத் தத்துப்பூச்சியின் உறவினங்களுக்குப் பாதத்தில் மென்மையான சிறு திண்டுகள் இருக்கின்றன. அவை குத்தாமல் அழுந்திப் பிடிக்கும். வெட்டுக்கிளி வழுக்கினால் ஆபத்து பெரிது, ஏனெனில் எடையைத் தள்ள வேண்டிய கால் வெறுங்காற்றில் விரிந்து மூட்டையே உடைத்துக்கொள்ளக்கூடும். அதற்காகவே கணுக்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ரெசிலின் கலந்த ஒரு பகுதி இருக்கிறது. கால் வெறுமையில் அடித்தால் அந்த இடம் மடிந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும், பிறகு நேராகிவிடும்.

இரண்டாவது, தோலுரித்த புதிது. புறத்தோல் இறுகாத நிலையில் வில் விறைப்பாக இருக்காது. தோலுரித்து ஓரிரு நாளே ஆன வெட்டுக்கிளி நன்றாகத் தாவாது. அந்த நாளில் அளந்த அளவுகளை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

மூன்றாவது காற்று. தெள்ளின் எடை 0.7 மில்லிகிராம், முன்பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மில்லிமீட்டர் என்று கொண்டால், கிளம்பும் கணத்தில் காற்றுத் தடை அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்குகிறது. எம்பும் மனிதருக்கு அது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. எடை நீளத்தின் கனத்தோடும் பரப்பு வர்க்கத்தோடும் குறைவதால், உடல் சிறுக்கச் சிறுக்கக் காற்றின் பிடி இறுகும். எல்லா விலங்கும் ஒரே உயரம் தாவும் என்ற போரெல்லி கணக்கிலிருந்து தெள்ளு விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம். நுரைப்பூச்சி நேர் மேலே கிளம்பியிருந்தால் காற்றில்லாத வெளியில் 1.1 மீட்டர் போயிருக்க வேண்டும். சாய்ந்து கிளம்புவதாலும் காற்றாலும் 70 செ.மீ.யில் நின்றுவிடுகிறது. தெள்ளு தரையிலிருந்து 15, 18 செ.மீ.யைத்தான் எட்டும் என்பதால், வீட்டில் தெள்ளு இருந்தால் கடித் தடிப்புகள் பெரும்பாலும் கணுக்கால், கெண்டைக்கால் பக்கமே இருக்கும். இடுப்புக்கு மேல் மட்டும் தடிப்பு இருந்தால் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள்.

இதையெல்லாம் நீங்களே அளந்து பார்க்க வெட்டுக்கிளியும் கைப்பேசியும் போதும். நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதியில் இரு படங்களுக்கிடையே 4.2 மில்லி நொடி. வெட்டுக்கிளியின் 27 மில்லி நொடி உந்தலுக்கு ஆறேழு படம் கிடைக்கும். தெள்ளுக்கும் தத்துப்பூச்சிக்கும் இது உதவாது. ஒரு படத்தில் இருக்கும், அடுத்த படத்தில் இருக்காது. 960 என்று காட்டும் கைப்பேசிகளில் சில, இடைப்பட்ட படங்களைத் தாமே கணித்துச் செருகுகின்றன. அந்தப் படங்களில் அளக்கக் கூடாது.

வெயிலில், சொரசொரப்பான அட்டை அல்லது உப்புத்தாள் மேல் வெட்டுக்கிளியை விடுங்கள். கண்ணாடிச் சீசாவுக்குள் அளக்கவே அளக்காதீர்கள், வழுக்கலே பாதித் தாவலைத் தின்றுவிடும். பின்னால் ஒரு செ.மீ. கட்டமிட்ட தாளை நிறுத்தி, பூச்சி அந்தத் தாளுக்கு ஒட்டினாற்போல், அதற்கு இணையாகத் தாவும்படி வையுங்கள். கைப்பேசி ஒரு மீட்டராவது தள்ளி, தாளுக்கு நேர் எதிரே இருக்கட்டும். பூச்சி தாளைவிடக் கேமராவுக்கு அருகில் இருந்தால் தூரம் அதிகமாகக் காட்டும். மீட்டர் தூரத்தில் பத்து செ.மீ. முன்னே வந்தாலே பத்து விழுக்காட்டுக்கு மேல் பிழை. தரையை விட்ட பிறகான முதல் மூன்று படங்களை மட்டும் எடுத்து, நகர்ந்த தூரத்தை நேரத்தால் வகுங்கள். சரிபார்க்க இன்னொரு வழி, தாவிய கிடைத்தூரம்: 45 பாகையில் கிளம்பி அதே மட்டத்தில் 90 செ.மீ. தள்ளி இறங்கினால் வேகம் நொடிக்கு 3 மீட்டர். இறக்கை விரித்த தாவல்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடைசியாக மடங்கிய நிலைக்கும் முழுதும் நீண்ட நிலைக்கும் இடையே உடல் நகர்ந்த தூரத்தைத் தாளில் எண்ணி, இரண்டால் பெருக்கி, வேகத்தால் வகுத்துப் பாருங்கள்; கால் தரையில் ஊன்றியிருந்த படங்களின் எண்ணிக்கையோடு அது ஒரு படம் முன்பின்னாக ஒத்துப்போகும். இரண்டு, மூன்று படம் தள்ளிப்போனால் கால் வழுக்கியிருக்கிறது அல்லது பூச்சி தாளுக்கு இணையாகத் தாவவில்லை.